கஹ்ர் எத்தனை நாள்?

2022 மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஈரானின் ஷீராஸ் நகரத்து வீடு ஒன்றின் சமையலறையில் 13 வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து 14 வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். அவனுடைய சித்தி என் தோழி. மைசூரில் உளவியல் ஆராய்ச்சி மாணவர்களாக நாங்கள் இருவரும் ஒரே விடுதியில் நான்கு ஆண்டுகள் இருந்தோம். அவர் ஊர் திரும்பிப் பள்ளி மாணவர்களிடையே நடக்கும் கொடுமைகளை அளக்கும் ஒரு வினாத்தாளைப் பாரசீகத்துக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். புள்ளியியல் கொஞ்சம் தெரியும் என்ற காரணத்தால் அந்த வேலையில் எனக்கும் ஒரு ஓரத்தில் இடம் கிடைத்தது. கோயம்புத்தூரில் இருந்தபடி கைபேசித் திரையில் அந்தச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் ஆறாவது வாக்கியத்தில் நின்றான். "காலே, கஹ்ர் செய்வதும் இதில் சேருமா?" என்று சித்தியிடம் கேட்டான்.

தாயின் சகோதரியைப் பாரசீகர்கள் 'காலே' என்று அழைக்கிறார்கள். நம்மூர் உருது வீடுகளில் 'காலா' என்பது இதுவே. ஆறாவது வாக்கியம், 'மற்றவர்கள் என்னைக் காணாதது போல் நடந்துகொண்டார்கள், அல்லது கூட்டத்திலிருந்து ஒதுக்கிவைத்தார்கள்' என்ற பொருள் கொண்டது. அந்தச் சொற்களைத் தோழி மூன்று வாரம் செதுக்கியிருந்தார். பையனுக்கோ அதை வாசித்ததும் நினைவுக்கு வந்தது கஹ்ர். கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவதுதான் கஹ்ர். சமாதானமாகி மீண்டும் பேசுவது ஆஷ்தி. சின்னப் பிள்ளைகள் 'கஹ்ர், கஹ்ர், உலகம் முடியும் கியாமத் நாள் வரைக்கும் கஹ்ர்' என்று பாடுவார்களாம். நம் பிள்ளைகள் 'காய்' விட்டு, மறுநாள் 'பழம்' விடுவதை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரேயொரு வேறுபாடு உண்டு. நம்மிடம் அது பத்து வயதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஈரானில் கஹ்ர் பெரியவர்களுக்கும் உரியது. உடன்பிறந்தோர் கஹ்ர் செய்வார்கள், கணவன் மனைவி செய்வார்கள், இடையில் ஒருவர் புகுந்து ஆஷ்தி செய்துவைப்பார். அது ஊரறிந்த ஒரு நிலை. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு.

தோழி உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் கஹ்ர் செய்தால் அது சண்டை. வகுப்பே சேர்ந்து ஒருவனிடம் கஹ்ர் செய்தால் அதுதான் நாம் அளக்க நினைப்பது. வாக்கியத்தில் இந்த இரண்டையும் பிரிக்கும் சொல் எதுவும் இல்லை. ஆங்கில மூலத்திலும் இல்லைதான். ஆனால் அங்கே அந்த வாக்கியத்தின் மீது இப்படி ஒரு சொல் வந்து ஏறிக்கொள்ளவில்லை.

அளக்கப்படும் பொருளுக்குத் தமிழிலேயே பொதுவான பெயர் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 'ராகிங்' என்றால் கல்லூரி நினைவுக்கு வரும். இலங்கையில் அதற்குப் 'பகிடிவதை' என்ற அழகான, கசப்பான சொல் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் அதே சொல்லைப் 'பகடிவதை' என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரித்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுரையில் நான் மலேசியர்களைப் பின்பற்றுகிறேன். பகடியாகத் தொடங்கி வதையாக முடிவது என்ற பொருளை அந்தச் சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

உலகம் இதை அளக்கத் தொடங்கியது ஸ்காண்டிநேவியாவில். 1969இல் பீட்டர் பவுல் ஹைனெமன் என்ற மருத்துவர் சுவீடனில் இதைப் பற்றி எழுதினார். பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு எதிரியைத் தாக்குவதைக் குறிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் பயன்படுத்திய 'மாபிங்' என்ற சொல்லையே அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வைத்தார். உளவியலாளர் டான் ஒல்வேயஸ் 1970களில் இதை முறையான ஆராய்ச்சியாக்கினார். 1982இன் இறுதியில் வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருந்திருக்கும் என்று நம்பப்பட்டது. மறு ஆண்டே நாடு தழுவிய இயக்கம் ஒன்று தொடங்கியது. அதற்காக ஒல்வேயஸ் உருவாக்கிய வினாத்தாள்தான் பிற்பாடு பல மொழிகளுக்குப் போயிற்று. அதன் முகப்பில் ஒரு விளக்கப் பத்தி இருக்கும். வேண்டுமென்றே செய்யப்படுவது, திரும்பத் திரும்ப நடப்பது, தாக்கப்படுபவர் தன்னைத் தற்காத்துக்கொள்ள எளிதில் முடியாதபடி பலம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது பகடிவதை என்று அந்தப் பத்தி மாணவருக்குச் சொல்லும். அதன் பிறகுதான் 'உனக்கு இது நடந்ததா' என்ற கேள்வி வரும்.

அந்தப் பத்தியை மொழிபெயர்க்கலாம். அதன் நடுவில் நிற்கும் பெயர்ச்சொல்லைத்தான் மொழிபெயர்க்க முடிவதில்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் ஸ்மித் தலைமையில் ஒரு குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. குச்சி உருவங்களால் வரைந்த 25 படங்களை 14 நாடுகளில் 8 வயது, 14 வயதுப் பிள்ளைகளிடம் காட்டி, 'இதை இந்தச் சொல்லால் அழைப்பாயா' என்று கேட்டார்கள். ஒரு மொழியின் சொல் அடிதடியை மட்டும் பிடித்தது. இன்னொன்று ஒதுக்கிவைப்பதைப் பிடித்து அடிப்பதை விட்டது. 'ஒரே சொல்'லின் மொழிபெயர்ப்புகள் என்று அகராதிகள் சொன்னவை பிள்ளைகளின் மனத்தில் வெவ்வேறு பரப்புகளை வளைத்துக்கொண்டிருந்தன. அந்த 14 நாடுகளில் ஈரான் இல்லை, ஆப்கானிஸ்தானும் தஜிகிஸ்தானும் இல்லை. அந்தப் படங்களைக் காட்டிப் பாரசீகச் சொற்களைச் சோதித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதைத் தோழியின் சமையலறை ஓரளவு எனக்குக் காட்டியது.

பாரசீகத்தில் ஆய்வாளர்கள் இரண்டு சொற்களைப் புழங்குகிறார்கள். ஒன்று 'கொல்தொரி'. கொல்தொர் என்றால் முரடன், பேட்டை ரவுடி, தன் பலத்தால் பிறரை மிதிப்பவன். ஈரானின் பழைய மன்னர் ரேசா ஷாவை அவருடைய எதிரிகள் அழைத்த பெயரும் இதுவே. 14 வயதுப் பெண்கள் மூவர் சேர்ந்து நான்காவது பெண்ணைப் பற்றி வதந்தி கிளப்புவதைக் கொல்தொரி என்று அழைக்க அந்தப் பெண்களுக்கே நாக்கு எழாது. மற்றொன்று 'ஸூர்கூயி'. ஸூர் என்றால் பலம். கூயி என்பது சொல்லுதல். பலத்தைக் கொண்டு பேசுவது, அதாவது அதட்டிக் காரியம் சாதிப்பது. நாம் 'ஜோரான சாப்பாடு' என்று சொல்லும்போது வாயில் வருவது இதே 'ஸூர்'தான். உருது வழியாக நம்மிடம் வந்து சேர்வதற்குள் அது பலத்தை இழந்து அழகைப் பெற்றுக்கொண்டது. ஈரானில் அதற்கு நேர்ந்தது வேறு. அரசுத் தொலைக்காட்சியின் செய்திகளிலும் தலைவர்களின் உரைகளிலும் ஸூர்கூயி என்பது வல்லரசுகள் சிறு நாடுகளிடம் காட்டும் அடாவடிக்குப் பெயர். பிறந்ததிலிருந்து அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்த ஒரு பையனிடம் 'உன் வகுப்பில் யாராவது உன்னிடம் ஸூர்கூயி செய்தார்களா' என்று கேட்டால், அவன் தலைக்குள் முதலில் வருவது வகுப்புதானா என்று தோழி கேட்டார். பாதிக்கப்பட்டவரைக் குறிக்கும் பாரசீகச் சொல் இன்னும் கனமானது. 'குர்பானி' என்பார்கள், பக்ரீத் நாளில் நம் ஊரில் கேட்கும் அதே குர்பானி. தன்னைக் குர்பானி என்று தானே குறித்துக்கொள்ள எந்தப் பையன் முன்வருவான்?

ஆகவே பெயரையே கைவிட்டு, செயல்களை மட்டும் கேட்பது என்பது ஒரு வழி. ஐரோப்பாவில் ஒர்தேகா ருயிஸ், தெல் ரெய், காசாஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட வினாத்தாள் இந்த வகையைச் சேர்ந்தது. தோழி எடுத்துக்கொண்டதும் அதுதான். 'அடித்தார்கள், திட்டினார்கள், என்னைப் பற்றிப் பிறரிடம் தவறாகப் பேசினார்கள், மிரட்டினார்கள், என் பொருளைத் திருடினார்கள் அல்லது உடைத்தார்கள், ஒதுக்கினார்கள், வதந்தி பரப்பினார்கள்' என்று எனக்கு நடந்தவை ஏழு. அதே ஏழை நான் பிறருக்குச் செய்தேனா என்பது மற்ற ஏழு. கடந்த இரண்டு மாதங்களை நினைத்து, இல்லை என்பதற்குச் சுழியம், ஓரிரு முறை என்பதற்கு 1, மாதம் ஓரிரு முறைக்கு 2, வாரம் ஒருமுறை அளவுக்கு 3, அதற்கும் மேல் 4 என்று குறிக்க வேண்டும். பகடிவதை என்ற சொல் எங்கும் வராது.

சொல்லை விட்டதால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை, அது வினைச்சொற்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. 'திட்டினார்கள்' என்பதற்குத் தோழி முதலில் வைத்தது 'தொஹீன்' என்ற சொல். அவமதிப்பு என்று பொருள். பத்திரிகையும் நீதிமன்றமும் எழுதும் சொல் அது. பையன்கள் வாயில் புழங்குவது 'ஃபொஹ்ஷ்', கெட்ட வார்த்தை. நண்பர்களுக்குள் நாள் முழுவதும் ஃபொஹ்ஷ் பறக்கும். அதில் யாருக்கும் காயம் இல்லை. அதே ஃபொஹ்ஷ் தாயையோ சகோதரியையோ தொட்டுவிட்டால் அன்றைக்கே சட்டை கிழியும். தொஹீன் என்று கேட்டால் தினமும் தாய் பெயரால் திட்டு வாங்கும் பையன்கூட, 'அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை' என்று சுழியம் போடக்கூடும். ஃபொஹ்ஷ் என்று கேட்டால் வகுப்பே 4 போடும். இந்த வேலையில் எல்லோரும் நம்பியிருக்கும் ஒரு சோதனை இருக்கிறது. பாரசீகத்துக்குப் போனதை மூலம் அறியாத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவார்கள். தொஹீனும் ஃபொஹ்ஷும் ஒரே ஆங்கிலச் சொல்லாகத்தான் திரும்பி வந்தன. சோதனை தேறியது என்று எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்! எனக்கு அந்த முறையின் மேல் இருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

எண்களின் பக்கம் வந்தாலும் கதை இதுவே. இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருத்தியை வாரத்தில் பல நாள் ஒதுக்கிவைக்கிறார்கள், வேறு எதுவும் செய்வதில்லை. அவள் ஒரு வரியில் 4 போட்டு மற்ற ஆறிலும் சுழியம் போடுகிறாள். இன்னொருவனை ஒருமுறை தள்ளினார்கள், ஒருமுறை திட்டினார்கள், ஒருமுறை மிரட்டினார்கள், ஒருமுறை பேனாவைப் பிடுங்கினார்கள். அவன் நான்கு வரிகளில் 1 போடுகிறான். கூட்டினால் இருவருக்கும் 4. முதல் பெண்ணின் இரண்டு மாதம் நரகம், இரண்டாமவனின் இரண்டு மாதம் சாதாரணப் பள்ளி வாழ்க்கை. இந்த வினாத்தாளை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கூட்டுத்தொகையோடு நிற்காமல், ஏதாவது ஒரு வரியிலாவது 2 அல்லது அதற்கு மேல் வந்தால் பாதிக்கப்பட்டவர் என்று வகைப்படுத்துகிறார்கள். அதாவது மாதம் ஓரிரு முறை போதும். ஒல்வேயஸ் தம் வினாத்தாளுக்கு வைத்த எல்லை மாதம் இரண்டு மூன்று முறை. மாதம் ஒருமுறை ஒதுக்கப்படும் குழந்தை இந்த ஐரோப்பியத் தாளில் பாதிக்கப்பட்டவள், ஒல்வேயஸ் தாளில் இல்லை. ஒரே பள்ளியில் ஒரே நாளில் இரண்டு தாளையும் கொடுத்தால் இரண்டு விழுக்காடுகள் வரும். 'ஈரான் மாணவர்களில் இத்தனை விழுக்காட்டினர்' என்று செய்தித் தலைப்பில் வரும் எண்ணைப் படிக்கும்போதெல்லாம் நான் இப்போது முதலில் தேடுவது, எந்தத் தாள், எந்த எல்லை என்பதைத்தான்.

'கடந்த இரண்டு மாதங்கள்' என்பது கேட்பதற்கு எளிய தொடர். அந்த ஆண்டு ஷீராஸில் அது எவ்வளவு சிக்கலானது என்று பாருங்கள். ஈரானில் பள்ளி ஆண்டு மெஹர் மாதம் முதல் தேதி, செப்டம்பர் 23ஐ ஒட்டித் தொடங்கும். மார்ச் 20 அல்லது 21இல் நவ்ரூஸ், பாரசீகப் புத்தாண்டு. பதின்மூன்றாம் நாள் எல்லோரும் வெளியே போய்ப் புல்வெளியில் கழித்துவிட்டு வரும்வரை பள்ளி கிடையாது. பெருந்தொற்றுக்குப் பிறகு பள்ளிகள் முழுமையாக நேரில் திறந்தது 2022 ஏப்ரலில். தோழி தாள்களைக் கொடுத்தது மே மாதம். அப்படியென்றால் 'கடந்த இரண்டு மாத'த்துக்குள் கைபேசி வகுப்புகளின் கடைசி நாட்கள் இருந்தன, இரண்டு வாரப் புத்தாண்டு விடுமுறை இருந்தது, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவரையொருவர் நேரில் பார்த்த பிள்ளைகள் யார் பெரியவன் என்று மறுபடியும் தீர்மானித்துக்கொண்ட வாரங்கள் இருந்தன. மாதம் ஓரிரு முறை, வாரம் ஒருமுறை என்ற சொற்களுக்கு அந்த வசந்த காலத்தில் என்ன பொருள்? பண்டிகைக்கு முன்னும் பின்னுமாகத் தனித்தனியே கேட்கலாம் என்று நான் சொன்னேன். மூலத்தின் காலவரம்பை மாற்றினால் ஐரோப்பிய எண்களோடு ஒப்பிட முடியாது என்று அவருடைய ஆசிரியர் மறுத்துவிட்டார். ஒப்பிடுவதற்கு வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தவறாக அளப்பதா என்ற என் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்த ஆசிரியர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

தாளை யார் கொடுக்கிறார்கள் என்பதும் அளவுகோலின் ஒரு பகுதி. ஈரானியப் பள்ளியில் 'நாஸெம்' என்றொருவர் உண்டு. தாமதமாக வருபவரைப் பிடிப்பது, முடி நீளம் பார்ப்பது, பை சோதிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மதிப்பெண் பட்டியலில் ஒழுக்கத்துக்குத் தனியாக 20க்கு மதிப்பெண் இருக்கிறது. அதில் குறைத்துவிடுவதாக மிரட்டுவது பள்ளிகளில் வழக்கம். தாளின் இரண்டாம் பாதி, 'நான் ஒருவரை அடித்தேன், நான் ஒருவரை மிரட்டினேன்' என்று தன் வாயால் சொல்லச் சொல்கிறது. நாஸெம் வாசலில் நிற்கும்போது, ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் பையன் அதில் என்ன குறிப்பான்? பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னாலும், வகுப்பு, வயது, பிரிவு மூன்றையும் எழுதிவிட்டால் அவன் யார் என்று எவருக்கும் தெரியும். தோழி தாள்களை ஒரு துணிப்பையில் போடச் சொன்னார், நாஸெமை வெளியே நிற்கச் செய்தார். பக்கத்துப் பெஞ்சுக்காரனை வெளியே அனுப்ப வழியில்லை. எவனுக்குப் பயந்து ஒரு பையன் சுழியம் போடுகிறானோ, அவன் பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பெஞ்சில்தான் இருக்கிறான்.

இணையவழிப் பகடிவதைக்கு வரும்போது நிலம் இன்னும் வழுக்குகிறது. அதே ஐரோப்பியத் திட்டத்தின் இணையத் தாளில் 22 வாக்கியங்கள். 11 எனக்கு நடந்தவை, 11 நான் செய்தவை. கணக்கை ஹேக் செய்து தகவல் எடுத்தார்கள், என் பெயரில் போலிக் கணக்கு தொடங்கினார்கள், சங்கடமான படத்தைப் போட்டார்கள், படத்தைத் திருத்திப் பரப்பினார்கள் என்று அவை போகும். 2015இல் வெளியான அந்தத் தாள் ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, போலந்து, இங்கிலாந்து, கிரீஸ் என்ற ஆறு நாடுகளில் சோதிக்கப்பட்டது. அந்த ஆறில் எங்கும் ஒரு மாணவி தன் கைபேசியில் என்ன வைத்திருக்கிறாள் என்பது அரசின் விவகாரம் அல்ல.

ஈரானில் 2018இல் டெலிகிராம் தடைசெய்யப்பட்டது. 2022 செப்டம்பரில் இன்ஸ்டாகிராமும் வாட்ஸாப்பும் முடங்கின. வாட்ஸாப் 2024 டிசம்பரில்தான் திரும்பியது. எங்கள் திரைப் பேச்சும் அந்த இலையுதிர் காலத்தோடு அறுந்து, பிறகு 'ஃபில்தெர்ஷெகன்' வழியாக ஒட்டுப்போட்டுத் தொடர்ந்தது. வடிகட்டியை உடைப்பது என்று பொருள், வி.பி.என்.னுக்கு ஈரானியர்கள் வைத்த பெயர். பிள்ளைகளுக்கும் அது தெரியும், எல்லோரும் உடைக்கிறார்கள். ஆனால் அரசுப் பள்ளியில், கல்வித்துறை அனுமதி முத்திரை குத்திய காகிதத்தில், 'சமூக வலைத்தளத்தில் உன்னை யாராவது ஒதுக்கினார்களா' என்று கேட்டால், அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வியும் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட இடத்தில் உனக்குக் கணக்கு இருக்கிறதா என்பது அது. புத்திசாலிப் பிள்ளை சுழியம் போடும். கொடுமை இல்லை என்று நாம் எழுதிக்கொள்வோம். தடையில்லாத இடமும் ஒன்று இருந்தது. பெருந்தொற்றில் வகுப்புகளை நடத்தக் கல்வி அமைச்சகம் 2020 ஏப்ரலில் 'ஷாத்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. அதுவரை சொந்தக் கைபேசி இல்லாத எத்தனையோ பிள்ளைகள் அதற்காகவே கைபேசி பெற்றார்கள். ஆசிரியரும் உட்கார்ந்திருக்கும் அந்த வகுப்புக் குழுவில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்து எல்லோரும் சிரிப்பது இணையத்தில் நடந்ததா, பள்ளியில் நடந்ததா? தாளில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம்.

படம் என்ற சொல்லும் அங்கே வேறு எடை கொண்டது. 'சங்கடமான படம்' என்று மூலம் சொல்வது, பாத்திரம் கழுவும்போது வாய் பிளந்து நிற்கும் படமாக இருக்கலாம். ஈரானில் ஒரு மாணவி தன் தோழியின் பிறந்தநாளில் தலைமுடி தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும் மிகச் சாதாரணப் படம், தவறான கையில் போனால் அவளை மிரட்டப் போதுமானது. அதில் சங்கடம் எதுவும் இல்லை. அவளுக்கே மிகவும் பிடித்த படமாகவும் இருக்கும். போகக்கூடியது 'ஆபெரூ'. ஆப் என்றால் நீர், ரூ என்றால் முகம். முகத்தின் நீர், நம் வழக்கில் மானம், மரியாதை. தோழி அந்த வரியில் 'சங்கடமான' என்ற சொல்லை நீக்கி, 'என் விருப்பம் இல்லாமல்' என்று மாற்றினார். மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இதுதான். ஒரு சொல்லை மாற்றி, படத்தில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து யார் அனுப்பினார் என்பதற்குக் கேள்வியை நகர்த்திவிட்டார்.

2012இல் ஒல்வேயஸ் ஒரு கட்டுரை எழுதினார். இணையவழிக் கொடுமை ஊதிப் பெரிதாக்கப்பட்டிருக்கிறது, இணையத்தில் பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் பள்ளியிலும் பாதிக்கப்படுபவர்களே, புதிதாக அகப்படுபவர்கள் மிகச் சிலர் என்பது அவர் வாதம். நார்வேக்கும் அமெரிக்காவுக்கும் அவரிடம் பெருந்திரளான தரவு இருந்தது. ஆனால் ஈரானில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் தனித்தனி. வகுப்பறையில் பெண்ணுக்குப் பெண்ணால் நேர்வது ஒரு களம். பையன்களும் பெண்களும் சந்தித்துக்கொள்ளும் இணையம் முற்றிலும் வேறொரு களம். பள்ளியில் எல்லோருக்கும் பிடித்தவளாக இருக்கும் ஒரு மாணவி, முகம் தெரியாத ஒருவனால் மாதக்கணக்கில் தொல்லைப்படுத்தப்படலாம். அதற்குப் பாரசீகத்தில் பழைய சொல்லே இருக்கிறது, 'மொஸாஹெம்'. வீட்டுத் தொலைபேசிக் காலத்தில் அழைத்து மூச்சுவிட்டு வைப்பவனுக்கும் அதுதான் பெயர். இரண்டு களங்களில் பாதிக்கப்படுபவர்களும் ஒரே ஆட்கள்தான் என்ற நார்வே முடிவை இங்கே இறக்குமதி செய்வதற்கு முன், இங்கே அதைத் தனியாகச் சோதித்தாக வேண்டும் என்பது என் கருத்து. மேலும், பையன்களையும் பெண்களையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட்டு 'பையன்கள் அதிகம்' என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது, இரண்டு கட்டடங்களை, இரண்டு ஆசிரியர் கூட்டத்தை, இரண்டு மதில்களையும் சேர்த்தே ஒப்பிடுகிறோம் என்பதை ஒரு வரியிலாவது சொல்லக்கூடாதா என்று தோன்றும்.

'பாரசீகம் பேசும் வளரிளம் பருவத்தினர்' என்று ஆய்வுத் தலைப்புகள் சொல்கின்றன. தப்ரீஸில் ஒரு பையன் வீட்டில் அஸெரி துருக்கி பேசுகிறான், சனந்தஜில் குர்திஷ். பாரசீகம் அவர்களுக்குப் பள்ளியில் வந்த மொழி, பல நேரம் அவர்கள் கேலி செய்யப்படுவதே அதன் உச்சரிப்புக்காகத்தான். ஈரானியப் பள்ளிகளில் படிக்கும் ஆப்கன் பிள்ளைகளைப் பார்த்து 'அஃப்கானி' என்று கூப்பிடுவது வசை; தாளில் பட்டப்பெயர் என்றோ திட்டு என்றோ இருக்கும் வரிக்குள் அது அடங்குமா என்று அந்தப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். எல்லையைத் தாண்டி ஆப்கானிஸ்தானின் ஹெராத்துக்குப் போனால் மொழி தரி. பள்ளி அங்கே 'மக்தப்', மாணவர் 'ஷாகெர்த்'. ஈரானில் ஷாகெர்த் என்பது கடைப் பையனையும் குறிக்கும். தஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பேயில் இதே மொழி சிரிலிக் எழுத்தில் இருக்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி இல்லை என்பதால், அங்கே பள்ளியில் வைத்து அளக்கும் எந்தத் தாளிலும் அவர்கள் இருக்கப்போவதில்லை.

பெரிய அளவிலான முயற்சிகளும் ஈரானில் நடந்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் மாணவர் நலக் கணக்கெடுப்புக் கேள்விகளைப் பாரசீகமாக்கிய காஸ்பியன் என்ற தேசிய ஆய்வின் நான்காம் சுற்றில், 2011-12இல், 30 மாகாணங்களைச் சேர்ந்த 13,486 மாணவர்கள் பங்கெடுத்தார்கள். அவ்வளவு பெரிய கணக்கெடுப்பில் பகடிவதைக்குக் கிடைப்பது ஓரிரு கேள்விகள். உணவு, உறக்கம், தொலைக்காட்சி, பல் துலக்குதல் எல்லாவற்றுக்கும் நடுவே அது வந்து போகும். அதைக் குறை சொல்ல மாட்டேன். நாடு முழுவதற்கும் ஒரு வரைபடம் வேண்டுமென்றால் அப்படித்தான் செய்ய முடியும். இல்லினாய் அளவுகோல், கலிஃபோர்னியா அளவுகோல், ஒல்வேயஸ் தாள் எல்லாவற்றுக்கும் இப்போது பாரசீக வடிவங்கள் உண்டு. இவற்றில் கலிஃபோர்னியாக்காரர்கள் செய்தது எனக்குப் பிடிக்கும். பெயரைச் சொல்லாமல் செயல்களைக் கேட்டுவிட்டு, பிறகு 'இதைச் செய்தவன் உன்னைவிட பலசாலியா, செல்வாக்குள்ளவனா, கெட்டிக்காரனா' என்று தனியாகக் கேட்கிறார்கள். கஹ்ர் யாருக்கும் யாருக்கும் இடையில் என்பது அங்கே பாதியாவது தெரிந்துவிடும்.

தோழியின் தரவு எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஆண்டு ஜூலையில். வேலை எனக்குப் பழக்கமானது. வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்பாவைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. எந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் ஏழும் ஏழுமாக வாக்கியங்கள் இரண்டு பக்கமாக ஒழுங்காகப் பிரிந்து நின்றன. அந்தப் பிரிவு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் குறியீடுகள் எல்லாம், 1999இல் ஹூ, பெண்ட்லர் என்ற ஆய்வாளர்கள் வைத்த எல்லைகளைத் தொட்டுக்கொண்டு அல்லது தாண்டி நின்றன. இந்த எண்கள் சொல்வது, ஒரு வரிக்கு ஒரு மாதிரி பதில் சொன்ன பிள்ளை அடுத்த வரிக்கும் அதையொட்டியே பதில் சொன்னது என்பதை மட்டுமே. எல்லோரும் சேர்ந்து ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், பயந்த பிள்ளைகள் எல்லா வரிகளிலும் சுழியம் போட்டிருந்தாலும் ஆல்பா உயர்ந்தே இருக்கலாம். 14 வரிகளில் ஒன்று மட்டும் தன் கூட்டத்தோடு கொஞ்சம் தளர்வாக ஒட்டியிருந்தது. ஆறாவது வரி. நீக்கிவிடும் அளவுக்கு மோசமில்லை. கட்டுரையில் அதற்கு அரை வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

அந்தச் சமையலறை மாலையில் பையனின் கேள்விக்குத் தோழி கடைசியில் சொன்ன பதில், "நீயே சொல், சேருமா?" என்பது. அவன் யோசித்துவிட்டு, போன குளிர்காலத்தில் ஷாத் குழுவில் தன்னிடம் யாருமே பேசாத வாரம் ஒன்று இருந்ததாகச் சொன்னான். அது கஹ்ரா என்று கேட்டதற்கு, "கஹ்ர் என்றால் யார் கஹ்ர் என்று தெரியும், காலே" என்றான். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியில் சுழியத்தைக் குறித்துவிட்டு ஏழாவதுக்குப் போனான். அந்த வாரம் தாள் கேட்ட இரண்டு மாத வரம்புக்கு முந்தியது.

அந்தத் தாளின் ஒளிப்படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறாவது வரியின் ஓரத்தில் தோழி பென்சிலால் பாரசீகத்தில் எழுதியிருக்கிறார்: 'கஹ்ர் என்றால், யார் யாரோடு? எத்தனை நாள்? ஆஷ்தி செய்ய யாராவது வந்தார்களா?'